எவன் எழுதிக் கொடுத்தான்?

அந்தக் காலம் நிம்மதியாக இருந்தது என்று இனி என் எதிரில் யாரும் சொல்லாதீர்கள்.

போன மாதம் தென்னூரில் ஒரு நிச்சயதார்த்தம். நம் பழைய பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். "ஒரு வாரப் பத்திரிகை, அதுல ஒரு தொடர்கதை, அதைப் பத்தி ஸ்கூல்ல ஒரு சண்டை. நம்ம உலகமே அவ்வளவுதான். எவ்வளவு சுகமா இருந்துச்சு!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சர்க்கரை என்று நினைத்திருப்பீர்கள். சர்க்கரை இல்லை, ஆத்திரம்.

அந்த வாரம்தான் என் கணவரின் அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்திருந்தார். என் மகள் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதை ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் படிக்கிறாள். ஒரு பள்ளிக்கூடம், பெரிய பெரிய கண்களோடு சில பெண்கள், அவர்களுடைய சிநேகம், பொறாமை, ஒரு பையன். உலகம் முழுவதும் அதைப் படிக்கிற பெண்கள் ஓர் இடத்தில் கூடி அபிப்பிராயம் எழுதுகிறார்கள். என் மகளும் தன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாள். கதாநாயகிக்கு முதுகெலும்பு இல்லை என்று இரண்டு பக்கம். அதை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"நல்ல இங்கிலீஷா இருக்கே. இவளே எழுதினாளா, இல்ல யாராவது பையன் எழுதிக் குடுத்தானா? பேரைப் போட்டுக்கிட்டு... கொஞ்சம் விசாரிம்மா" என்றார்.

போனை வைத்தேன். எனக்குப் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பெண்ணைப் பெற்றவள் நான். அவள் வீடு திரும்பப் பத்து நிமிஷம் தாமதமானால் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்கிறவள். ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது அவள் எழுதியது இல்லை, அவர் கேட்ட கேள்வி. அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், என் பதினோராவது வயதில் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது கேட்டவர் என் அப்பா. கேட்கப்பட்டவள் என் அக்கா.

அப்பா ஜங்ஷனில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். நாங்கள் அடையவளைஞ்சான் தெருவில் ஒரு நீளமான வீட்டில் குடியிருந்தோம். வாரம் ஒரு சாயங்காலம் அப்பா டிபன் காரியரோடு பத்திரிகையையும் கொண்டுவருவார். மதராசிலிருந்து ரயிலில் வந்து இறங்கின கட்டைப் பிரித்ததும் முதல் பிரதி அவருக்கு. ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரர் அவருக்குப் பழக்கம். அந்தப் பத்திரிகையில் மண்ணெண்ணெயும் புது மையும் கலந்த ஒரு வாசனை வரும். காரியரின் அடித்தட்டில் மிஞ்சிய ஊறுகாய் எண்ணெய் சில வாரங்களில் அட்டையில் ஒரு வட்டம் போட்டிருக்கும்.

படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, சாய்வு நாற்காலியில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு. அவர் முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அப்புறம் அம்மா, அடுப்பு வெளிச்சத்தில், சோறு கொதிக்கிற இடைவெளிகளில். அப்புறம் அக்கா. கடைசியில் நான். நான் முடித்ததும் அக்கா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அலுங்காமல் பிரித்து எடுப்பாள். கோணி ஊசியால் ஓரத்தில் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போடுவாள். உங்கள் வீடுகளிலும் அப்படித் தைத்த புத்தகங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் இருந்ததை எந்த வருஷம் எந்தப் பழைய பேப்பர்காரன் எடுத்துப் போனான் என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "அதெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு" என்றாள். எங்கள் வீட்டில் கரையானே கிடையாது.

அக்கா என்றால் எனக்கு ஐந்து வயது மூத்தவள். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. நான் ஆறாம் வகுப்பு. இரண்டு பேரும் தெப்பக்குளம் பக்கம் ஒரே பெண்கள் பள்ளிக்கூடம். பஸ் காவேரிப் பாலம் ஏறும்போது கூட்டத்தில் என் முகத்தைத் தன் புத்தகப் பைக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள், யாருடைய முழங்கையும் படாமல்.

அந்த வருஷம் வந்த தொடர் ஒரு படக்கதை. பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்கு அடியில் நாலு வரி. ஒரு பெண்கள் பள்ளிக்கூட விடுதிதான் களம். கதாநாயகிக்கு ரெட்டைப் பின்னல். அவளுக்குக் கண்ணாடி போட்ட ஒரு தோழி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பள்ளி, அதில் ஒரு விளையாட்டுக் கேப்டன். நம்மைப் போன்ற பெண்கள் பாவாடை தாவணியோடு, நோட்டுப் புத்தகத்தோடு, மத்தியான மணி அடித்தால் ஓடுகிறவர்களாக ஒரு படத்தில் வருவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ராணிகளையும் தேவதைகளையும் பார்த்திருந்தேன். தலைக்கு எண்ணெய் வழிய ஓடுகிறவளைப் பார்த்ததில்லை.

மத்தியானம் வாதாம் மரத்தடியில் பெரிய பெண்கள் சாப்பிடுவார்கள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே சாப்பாட்டு அடுக்கு என்பதால் நானும் அங்கேதான். பத்திரிகை வந்த மறுநாள் சோற்றைவிடக் கதைதான் அதிகம். ஒரு கூட்டம் ரெட்டைப் பின்னல் கட்சி, இன்னொன்று கண்ணாடிக் கட்சி.

"போன வாரம் கேப்டன் பந்தை எடுத்துக் குடுக்கும்போது அவ கண்ணைப் பார்த்தியா? எவ்வளவு அழகு!" என்பாள் ஒருத்தி.

"அவ கண்ணு எங்க தெரிஞ்சுது? எப்பப் பாரு கையால மூடிக்கிட்டு அழறா" என்பாள் அக்காவின் சிநேகிதி. பெரிய கடை வீதி இரும்புக்கடைக்காரரின் மகள். "அல்லாவே, அவ அழற அழுகையில எனக்கே மூக்கு ஒழுகுது. ஒரு கைக்குட்டை வாங்கித் தபால்ல அனுப்பலாமா?"

"உனக்கு மனசே இல்லடி."

"மனசு இருக்கு. கண்ணீர் சப்ளைதான் கம்மி."

மரத்தடியே சிரிக்கும். அக்கா சிரித்துவிட்டு, தயிர்சோற்றை உருட்டிக்கொண்டே, சத்தம் உயர்த்தாமல் பேசத் தொடங்குவாள். அந்தப் பெண் ஏன் அழுகிறாள், அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம், கண்ணாடிக்காரி ஏன் எப்போதும் படத்தின் ஓரத்திலேயே நிற்கிறாள். எதிர்க்கட்சிக்காரிகள்கூட வாயில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். "இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதிப் போடேண்டி" என்று இரும்புக்கடைக்காரர் மகள்தான் முதலில் சொன்னாள்.

அக்கா எழுதினாள். அடுக்களையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, பச்சை மூடி போட்ட பேனாவால் எழுதினாள். அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்தாள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கதை எழுதும் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இல்லாமல் இது நடந்திருக்காது.

அப்பாவோடு ஒரே ஆபீசில் வேலை. பத்திரிகைகளில் சிறுகதை எழுதுவார். தன் பெயரில் இல்லை, மனைவியின் பெயரில். அந்த நாளில் அது பெரிய அதிசயம் இல்லை. பெண் பெயர் போட்டால் கதையைப் பிரித்தாவது பார்ப்பார்கள் என்று பல பேர் அப்படித்தான் எழுதினார்கள். அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே சொல்லிக்கொள்வார்கள். மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, முறுக்குச் சுற்றினால் தெருவே மணக்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் 'அன்புச் சகோதரி அவர்களுக்கு' என்று அவள் பெயருக்குத் தபால் வரும். "இந்த வாரம் நான் ஒரு கதை எழுதியிருக்கேனாம். என்ன கதைன்னு நானும் படிக்கணும்" என்பாள் எங்கள் அம்மாவிடம். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம் அப்பா தனியாக வரவில்லை. மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிபன் காரியரைக் கீழே வைக்கவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. பத்திரிகையை நடுவில் மடித்து அக்காவின் முன் நீட்டினார்.

வாசகர் பக்கத்தில் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் விடுதிப் பெண்ணின் சின்னப் படம். அடியில் அக்காவின் பெயர், ஸ்ரீரங்கம். நான் அதை அப்புறம் எத்தனையோ தடவை படித்ததால் மறக்கவில்லை:

'கதாநாயகி ஒவ்வொரு வாரமும் அழுகிறாள். நாங்கள் பள்ளியில் இத்தனை அழுவதில்லை. எங்களுக்குக் கோபம் வரும். பெண்களின் கோபத்தை எழுத ஆசிரியருக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பெண்கள் பள்ளிக்குள் மத்தியான வேளையில் நுழைந்ததே இல்லை போலும். அவளைக் காப்பாற்ற மதில் ஏறி ஒருவன் வரவேண்டுமா? அவள் தோழி பக்கத்திலேயே நிற்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?'

"இது யார் எழுதினது?" என்றார் அப்பா.

"நான்தாம்ப்பா." அக்காவின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்கமுடியவில்லை. கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னாள்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மூக்குப்பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். "சார், நான் இந்தத் தொழில்ல எத்தனை வருஷமா இருக்கேன்! பொம்பளை மாதிரி எழுதறது எப்படின்னு எனக்குத் தெரியும். இது பொம்பளை எழுத்து இல்ல. 'எழுத ஆசிரியருக்குத் தெரியவில்லை'... ஒரு பொண்ணு இப்படிச் சொல்லுமா? எவனோ படிச்ச பய எழுதி, பாப்பா பேரைப் போட்டிருக்கான். நான் போடறேன்ல, அது மாதிரி."

"அவ பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

மாமா பொடியை உறிஞ்சினார்.  பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாதபடி உறிஞ்சினார்.

"எவன் எழுதிக் கொடுத்தான்?"

"யாரும் இல்லப்பா. நானே..."

"எவன்?"

பாருங்கள், என்ன நியாயம் இது. மனைவி பெயரைத் திருடிக்கொண்டு எழுதுகிற ஒருவர், அந்தத் திருட்டையே அத்தாட்சியாகக் காட்டி, என் அக்கா எழுதியதை இல்லாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அவள் நன்றாக எழுதியதே குற்றத்துக்குச் சாட்சி. மோசமாக எழுதியிருந்தால், அசட்டுப் பெண் ஏதோ எழுதிவிட்டது என்று ஒரு அதட்டலோடு போயிருக்கும்.

அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவதாங்க எழுதினா. நான் பார்த்தேன்" என்றாள், முணுமுணுப்பாக.

"நீ சும்மா இரு. உன் கண்ணெதிர்லயே எழுதியிருக்கா, எதைப் பார்த்து எழுதினான்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா சும்மா இருந்துவிட்டாள். அவள் கூடத்துக்கு வந்து இன்னொரு தடவை உரக்கச் சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷமாக நான் இதே வரியில் வந்து நின்றுகொள்கிறேன். அம்மா இறந்த பிறகும் கோபம் குறையவில்லை.

மறுநாளிலிருந்து அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவன் யார் என்று சொன்னால் பரீட்சைக்கு அனுப்புவதாக அப்பா சொன்னார். இல்லாத ஒருவனின் பெயரை எங்கிருந்து சொல்வாள்? ஹால் டிக்கெட் கொடுக்கிற சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருப்பாள். நான் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். காவேரிப் பாலத்தில் எல்லா முழங்கைகளும் என் மேல் பட்டன.

வாதாம் மரத்தடியில் இரும்புக்கடைக்காரர் மகள் மட்டும் என்னிடம் கேட்டாள். "ஏன் வரல உங்க அக்கா?" சொன்னேன். அவள் கையிலிருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டாள். "நான் வந்து உங்க அத்தாகிட்ட சொல்லவா? எழுதச் சொன்னதே நான்தானே?" என்றாள்; அவள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். மற்றவர்கள் அவளை இழுத்து உட்கார வைத்தார்கள். "உனக்கு எதுக்குடி வம்பு? உன் பேரும் சேர்ந்து அடிபடும்." அந்த மற்றவர்களில் இருவர் நிச்சயதார்த்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சுகமாக இருந்தது என்று தலையாட்டியவர்கள். பெயர் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். வெள்ளைப் புடவை, கைக்குட்டைக்குள் சுருட்டிய கண்ணாடி. நல்ல ரிசல்ட் வாங்கித் தரப்போகிற பெண்ணை விட அவருக்கு மனமில்லை. மாமாவும் இருந்தார். மாமாதான் வழி சொன்னார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு சங்கடம்? இந்த வாரப் பத்திரிகை இதோ இருக்கு. பாப்பா இன்னும் பார்க்கல. நம்ம முன்னால படிச்சு, நம்ம முன்னால நாலு வரி எழுதட்டும். அவ எழுத்துன்னா தெரிஞ்சுடும். இல்லேன்னா, எவனோ ஒரு விஷமி அவளுக்கே தெரியாம அவ பேரை எடுத்துப் போட்டிருக்கான், குழந்தை பயத்துல தான்தான்னு சொல்லிடுச்சுன்னு விட்டுடலாம். என்ன டீச்சரம்மா?"

"அதுவும் சரிதான்" என்றார் பெரிய டீச்சர்.

அப்பாவும் யோசித்தார். "விஷமி வேலைன்னா, இவ மேல தப்பில்ல. பரீட்சை எழுதட்டும். இவளே எழுதினதுன்னா, இப்படி எழுதற பொண்ணு வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவள்தான் எழுதினாள் என்று ஆனால் அவள் வீட்டில் இருக்கவேண்டியது. அவளுக்கு எழுதத் தெரியாது என்று ஆனால் பரீட்சை எழுதலாம். பெரிய மனிதர்கள் மூன்று பேர் உட்கார்ந்து இதைத் தீர்மானித்தார்கள். ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

அக்கா முகம் கழுவப் போனாள். அடுக்களையில் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். டவராவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "நல்லா எழுதிடாதேடி."

அம்மா தன் வாழ்நாளில் அக்காவின் எழுத்தைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா கூடத்தில் பலகைமேல் உட்கார்ந்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம், அவள் தோளுக்குப் பின்னால். பத்திரிகையைப் படித்தாள். அந்த வாரக் கதையில் ரெட்டைப் பின்னல் மேல் திருட்டுப் பட்டம் கட்டி விடுதியை விட்டு அனுப்பப்போகிறார்கள். அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். கேப்டன் வந்து அவளுக்காகப் பேசுகிறான்.

அக்கா பச்சை மூடியைத் திருகி எடுத்தாள். கொஞ்சமும் தயங்காமல் ஒரு வரி எழுதினாள். எனக்குத் தெரிந்தது: 'இவளுக்கு வாய் இருப்பதை ஆசிரியர் ஏன் மறந்துவிட்டார்?'

பேனா நின்றது. விளிம்பில் மை ஒரு பொட்டாகத் திரண்டது. அக்கா அந்தத் தாளைக் கசக்கினாள்.

"என்ன பாப்பா, வரலையா?" என்றார் மாமா, அன்பாக.

"வரல மாமா."

"அவசரமில்ல. மெதுவா எழுது."

இன்னொரு தாளில் எழுதினாள். இந்தத் தடவை கை மெதுவாகப் போனது, கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக. மாமா அதை வாங்கி உரக்கப் படித்தார்: 'இந்த வாரம் கதை மிகவும் நன்றாக இருந்தது. படங்கள் கண்ணைக் கவர்ந்தன. கதாநாயகி அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. கதாநாயகன் மிகவும் நல்லவன். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று ஆவலாக இருக்கிறேன்.'

"இது! இதுதான் பொம்பளைப் புள்ளை எழுத்து. என்ன வெள்ளை மனசு பாருங்க! நான் சொன்னேனா இல்லையா?" தொடையில் தட்டினார் மாமா.

அப்பா பெரிய டீச்சரைப் பார்த்தார். "நீங்கதானே இவ கட்டுரை நோட்டெல்லாம் திருத்தறீங்க. இப்படித்தான் எழுதுவாளா?"

பெரிய டீச்சர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான்கு வருஷமாக அக்காவின் கட்டுரைகளை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியவர் அவர். என் வகுப்பிலேயே படித்திருக்கிறார். தாளை நாலாக மடித்தார்.

"ஆமா. இப்படித்தான் எழுதுவா" என்றார்.

அக்காவைப் பரீட்சைக்கு அனுப்பத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று என் சிநேகிதிகள் சிலர் அவருக்காக வாதாடியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பெண் பெயர் பத்திரிகையில் வந்து நாலு பேர் வாயில் விழுந்த கவலை அவருக்கும் தீர்ந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். அம்மாவைக் கேசரி கிளறச் சொன்னார். "குழந்தைக்கு ஒண்ணும் தெரியாது சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபணமானதற்கு நெய் விட்டுக் கேசரி. நானும் தின்றேன். அதன் கிராம்பு வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. "பத்திரிகையில வந்தது வந்ததுதானே சார், நாலு பேர் படிச்சிருப்பாங்க. மறுப்பு போடணும்" என்றார் மாமா. அப்பா அதற்கு முன்னால் ரயில்வே ரிப்போர்ட்டுகளைத் தவிர ஒன்றும் எழுதியவர் இல்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினார். அடித்தார், மறுபடி எழுதினார், மாமாவுக்குப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தை அகப்படாமல் விட்டத்தைப் பார்த்தார். அகப்பட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எழுதுகிற சுகம் அவருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் அக்காவின் பெயரைப் போட்டு, அவரே கையெழுத்தும் வைத்தார். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா இப்போது திருவெறும்பூரில் இருக்கிறாள். பாக்டரி ஊழியரின் மனைவி, பேரன் எடுத்தவள். அவள் எனக்கு எழுதும் கடிதத்தில், நலம், நலமறிய ஆவல், மழை இல்லை, அவ்வளவுதான். என் கணவரின் அண்ணன் செய்த போனைப் பற்றி அவளிடம் சொன்னேன்.  "குழந்தை எழுதினதை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டறியா? இங்கிலீஷா இருந்தா என்ன, நீ அர்த்தம் சொல்லு" என்றாள். படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, மறுபடி படி என்றாள். என் மகளிடம் போய்ச் சொல் என்று ஒன்றும் சொல்லவில்லை. கணவரின் அண்ணனுக்கு நான் திருப்பிப் போன் செய்தேன். அவளேதான் எழுதினாள், நான் பார்த்தேன் என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். அப்படியும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அக்காவின் பரீட்சை சமயத்துக் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்து வாசல்வரை அப்பாவே அக்காவைக் கொண்டுவிட்டார். தமிழ்ப் பரீட்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் அந்த வாரப் பத்திரிகை வந்தது. அப்பா வாசலிலேயே காத்திருந்தார். எங்கள் வீட்டு வரிசையில் முதல் தடவையாக, அவர் முடித்ததும் பத்திரிகை அம்மாவுக்குப் போகவில்லை, நேராக அக்காவுக்கு வந்தது.

"வந்துருச்சு. படி" என்றார்.

செருப்பைக் கழற்றாமல், கேள்வித்தாள் கையில் இருக்க, நின்றபடியே அக்கா படித்தாள். நானும் எட்டிப் படித்தேன்.

'ஆசிரியர் அவர்களுக்கு, சில வாரங்களுக்கு முன் என் பெயரில் வெளியான கருத்து நான் எழுதியதன்று. யாரோ ஒரு விஷமி என் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார். நான் ஒரு கண்ணியமான குடும்பப் பெண். குடும்பப் பெண்ணாகிய நான் இத்தகைய கருத்துகளைக் கனவிலும் எண்ணியவள் அல்லேன்.'

அடியில் அவள் பெயர், ஸ்ரீரங்கம்.

அப்பாவால் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அச்சில் வந்த முதல் எழுத்து. அவரும் மனிதர்தானே, ஒருவர் படித்துச் சொல்லவேண்டும் அவருக்கு.

"எப்படி இருக்கு?" என்றார்.

அக்கா மறுபடி ஒரு தடவை படித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. மரத்தடியில் பேசத் தொடங்கும்போது இருக்கிற முகம்.

"'குடும்பப் பெண்' பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை வருதுப்பா. ஒண்ணை எடுத்திருக்கலாம். அப்புறம், கனவுன்னு சொன்னது வேண்டாம். கனவை யாரும் கேக்கலையே. அங்கதான் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

அப்பா பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு வரிகளுக்கும் அவர் கண் போய்ப் போய் வந்தது. காது மடல் சிவந்தது. அப்புறம் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், தூணுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. எல்லாம் தெரிந்துவிட்ட பார்வை. இனிமேல் தெரியாது என்று சொல்லமுடியாத பார்வை.

பத்திரிகையை மடித்தார்.

"நாளைக்கு என்ன பரீட்சை?"

"கணக்கு."

"போய்ப் படி" என்றார்.